பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் செய்பவை: எதற்குச் சம்மதிப்பது, எதைக் கேட்டுப் பெறுவது, எதை மறுப்பது

என் தங்கைக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே ஒரு காகித உறையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே மூன்று தாள்கள்: மருத்துவமனையின் ஒப்புதல் படிவம், பச்சிளங்குழந்தைக்கான ரத்தப் பரிசோதனைகளின் விலைப்பட்டியல், தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவைக்கும் நிறுவனம் ஒன்றின் வண்ணக் கையேடு. “அக்கா, இதில் எதற்குச் சரி சொல்வது, எதை வேண்டாம் என்பது? அவர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுப் பிறந்த குழந்தைக்கு ஊசியே கூடாது என்கிறார். அத்தை சேனை வைத்தே ஆகவேண்டும் என்கிறார்கள். நான் யாரிடம் போய்க் கேட்பது?” என்றாள்.

எனக்கு இரண்டு குழந்தைகள். முதல் பிரசவத்தில் இப்படியொரு படிவத்தை நான் படிக்கவேயில்லை. வலி விட்டு விட்டு வரும் இடைவெளியில், அட்டையில் செருகி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். குழந்தை பிறந்ததும் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் துணியில் சுற்றித் தந்தபோது குளிப்பாட்டியிருந்தார்கள், புட்டிப்பால் கொடுத்திருந்தார்கள், தொடையில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்ன ஊசி என்று கேட்டேன். எல்லாக் குழந்தைக்கும் போடுவதுதான் என்றார்கள். இரண்டாவது பிரசவம் அரசு மருத்துவமனையில். அங்கே ஒரு செவிலியர் குழந்தையின் ஈரத்தைத் துடைத்து அப்படியே என் நெஞ்சின் மேல் கவிழ்த்துப் போட்டார். ஒவ்வொரு ஊசிக்கும் பெயர் சொல்லிவிட்டுத்தான் போட்டார். இரண்டு பிரசவங்களுக்கும் நடுவே நான் படித்ததும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் தங்கைக்குச் சொன்ன பதில். அதையே இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், பிறந்ததும் அழாத குழந்தைக்கும் இதில் பல பொருந்தாது. அங்கே மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘சரி’ என்பதும் ‘வேண்டாம்’ என்பதும் தவறு. ஒவ்வொன்றைப் பற்றியும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: இன்று தவறவிட்டால் பிறகு செய்துகொள்ள முடியுமா? அப்படிப் பார்க்கும்போது மனத்தை வருத்தும் ஒன்று புலப்பட்டது. வீடுகளில் வாக்குவாதம் நடப்பதெல்லாம் ஊசிகளைப் பற்றித்தான். அவையோ பெரும்பாலும் தேவையானவை. குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திரும்பப் பெற முடியாத இழப்பு அங்கேதான் நடக்கிறது.

வைட்டமின் கே: ஊசியா, சொட்டு மருந்தா, இரண்டும் வேண்டாமா

தங்கையின் கணவர் பார்த்த வீடியோ எதிர்த்தது இந்த ஊசியை. ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். நஞ்சுக்கொடி வழியாக அது குழந்தைக்கு மிகக் குறைவாகத்தான் போகிறது. தாய்ப்பாலிலும் குறைவு. பெரியவர்களின் குடலில் அதைத் தயாரிக்கும் நுண்ணுயிர்கள் பிறந்த குழந்தையின் குடலில் இன்னும் குடியேறியிருப்பதில்லை. தாய் கீரையும் பேரீச்சையும் எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் குழந்தை இந்தப் பற்றாக்குறையோடுதான் பிறக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிவதைக் கவனித்துத்தான் இந்தச் சத்தைக் கண்டறிந்தார். 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்காகக் கிடைத்தது.

பற்றாக்குறையால் வரும் ரத்தக்கசிவு முதல் வாரத்தில் தொப்புளிலோ மலத்திலோ தெரிந்தால், கண்டுபிடித்து மருத்துவம் பார்க்க முடியும். பயப்பட வேண்டியது தாமதமாக வருவதற்கு. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு, ஆறு மாதம் வரைக்கும்கூட, நன்றாகப் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும். அப்படி வருவதில் ஏறக்குறைய பாதி மூளைக்குள் நேர்கிறது. ஊசி போடாத குழந்தைகளில் லட்சத்துக்கு 4 முதல் 7 பேருக்கு இது வரக்கூடும் என்பது மருத்துவ நூல்களில் காணும் கணக்கு. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் இப்படிப் பாதிக்கப்படுபவை பெரும்பாலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள். நாம் மிகச் சரியாக வளர்க்கும் குழந்தைக்கே இந்த ஆபத்து இருக்கிறது. தாய்ப்பாலை விட்டுவிடுவது இதற்குத் தீர்வாகாது. ஒரு மில்லிகிராம் மருந்து, தொடையில் ஒரே ஒரு ஊசி, அதுதான் தீர்வு.

எதிர்ப்புக்குச் சொல்லப்படும் காரணங்களில் புற்றுநோய் பயம் 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் பெரிய அளவில் தேடிப் பார்த்தும் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. அந்த முடிவைக் கைவிட்ட பிறகும் பயம் மட்டும் வீடியோக்களில் உயிரோடு இருக்கிறது.

ஊசிக்குப் பதில் வாய்வழிச் சொட்டு கொடுக்கும் நாடுகள் உண்டு. ஆனால் அதை ஒருமுறை கொடுத்தால் போதாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டு மூன்று தடவையாவது கொடுக்க வேண்டும். குழந்தை கக்கிவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பித்தநீர்க் குழாயில் கோளாறு உள்ள குழந்தையின் குடல் இந்தச் சத்தைச் சரியாக உறிஞ்சாது. அந்தக் கோளாறு இருப்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது. யாருக்கு மருந்து மிகவும் தேவையோ அவர்களுக்கே சொட்டு பயன்படாமல் போகிறது. ஆகவே ஊசிதான் என்று தங்கையிடம் தயங்காமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு: முதல் தாய்ப்பால் கொடுத்து முடிக்கும் வரை அந்த ஊசி காத்திருக்கலாம். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போட்டால் குழந்தைக்கு வலியும் குறைவாகத் தெரியும்.

மூன்று தடுப்பு மருந்துகள், மூன்று வெவ்வேறு அவசரங்கள்

இந்திய அட்டவணைப்படி பிறந்தவுடன் கொடுப்பவை மூன்று: ஈரலைத் தாக்கும் கிருமிக்கு எதிரான ஹெபடைட்டிஸ் பி ஊசி, போலியோ சொட்டு, காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசி. மூன்றையும் ஒரே வரியில் அச்சிட்டிருப்பதால் மூன்றுக்கும் ஒரே அவசரம் என்று தோன்றும். அப்படி இல்லை.

ஹெபடைட்டிஸ் பி ஊசிக்குக் கெடு 24 மணி நேரம். தாயிடமிருந்து பிரசவத்தின்போது இந்தக் கிருமி தொற்றினால், தொற்றிய பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு அது ஆயுள் முழுக்க ஈரலில் தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே போய்விடும். வயதுதான் இங்கே விதி. “எனக்குக் கர்ப்பத்தில் பரிசோதித்து இல்லை என்று வந்துவிட்டதே” என்று தங்கை கேட்டாள். பரிசோதனைக்குப் பிறகும் தொற்று வரலாம். ஆய்வக முடிவை எழுதும்போது தவறு நேரலாம். வீட்டிலுள்ள வேறு யாருக்காவது தெரியாமல் இருக்கலாம். தாய்க்குத் தொற்று உண்டு என்று தெரிந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதைப் பிரசவத்துக்கு முன்பே வாங்கி வைக்கச் சொல்லிவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்த முதல் ஊசி இலவசம். தனியாரில் சில இடங்களில் ‘அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். ஆறாவது வாரம் போடுவது முதல் நாள் போடுவதற்கு ஈடாகாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

போலியோ சொட்டுக்கு 15 நாள் வரை நேரம் இருக்கிறது. இந்தியா 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அந்தச் சான்று நிலைத்திருப்பது இந்த இரண்டு சொட்டுகளால்தான்.

பிசிஜி விஷயத்தில் நம் ஊருக்கே ஒரு கதை இருக்கிறது. நாட்டுக்குத் தேவையான இந்த மருந்தைத் தயாரிக்க 1948இல் கிண்டியில் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். பிறகு 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகிலேயே மிகப் பெரிய பிசிஜி சோதனைகளில் ஒன்று தொடங்கியது. முடிவு ஏமாற்றம் தந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. ‘பிசிஜி பயனில்லை என்று செங்கல்பட்டிலேயே நிரூபித்துவிட்டார்களே’ என்று இன்றும் சிலர் சொல்வதற்கு அதுதான் காரணம். பாதி உண்மை அது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடல் முழுக்கப் பரவும் வகையையும் பிசிஜி தடுக்கிறது என்பதற்குப் போதுமான சான்றுகள் இருக்கின்றன. காசநோய் அடுத்த வீட்டில் இருக்கக்கூடிய நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் நாள் கணக்கில் பதற வேண்டாம். மருந்துக் குப்பியைக் கலக்கித் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். அதனால் சில மருத்துவமனைகள் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் போடுகின்றன. ஒரு வாரம் தள்ளிப்போனால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. சில வாரம் கழித்து இடது தோளில் கட்டி எழும்பிச் சீழ் வைத்து ஆறும். அப்போது களிம்போ மஞ்சளோ தடவாமல் விட்டுவிட வேண்டும்.

தொப்புள்கொடி: ஒரு நிமிடமா, ஒப்பந்தமா

தங்கையின் உறையில் மிக அழகாக அச்சிட்டிருந்தது தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பின் கையேடுதான். பின்னாளில் பெரிய நோய் வந்தால் இந்த ரத்தமே மருந்தாகும், இது உங்கள் குழந்தைக்கு நீங்கள் தரும் ஆயுள் காப்பீடு என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். தவணை வசதியும் இருந்தது. கணவரும் மனைவியும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டிருந்தார்கள்.

அந்த ரத்தம் பைக்குப் போவதா, குழந்தைக்கே போவதா என்ற ஒப்பீட்டை யாரும் அவர்களுக்குச் செய்து காட்டவில்லை. குழந்தை வெளியே வந்த பிறகும் தொப்புள்கொடி துடித்துக்கொண்டிருக்கிறது. நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. முதல் ஒரு நிமிடத்திலேயே ஏறக்குறைய 80 மில்லிலிட்டர் சேருகிறது. மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். அப்படியானால் ஒரு நிமிடப் பொறுமை எவ்வளவு பெரிய சீதனம் என்று பாருங்கள். அந்த ரத்தத்தில் இருக்கும் இரும்புச்சத்து ஆறு மாதம் வரை குழந்தையின் கையிருப்பு. கொடியைக் கவ்விக் கட்டுவதற்குக் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், மூன்று நிமிடம் வரை போகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் அடியில் வைக்க வேண்டிய வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. அது கவனித்துச் சரிசெய்யக்கூடியது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுச் சிறு குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகையோடு இருந்தார்கள். நாம் இரும்புச்சத்துச் சொட்டுக்காக அங்கன்வாடிக்கும் மருந்துக்கடைக்கும் அலைகிறோம். பிரசவ அறையில் இலவசமாகக் கிடைப்பதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு அலைகிறோம்.

சேமிப்பு நிறுவனத்துக்கு வேண்டியதும் அதே ரத்தம்தான். பை நிறைய வேண்டும் என்றால் கொடியைச் சீக்கிரம் கட்ட வேண்டும். குழந்தைக்குப் போகட்டும் என்று விட்டால் பையில் மிஞ்சுவது கொஞ்சம். இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று விற்பனையாளர் சொல்லலாம். அளவு எங்கிருந்தோ குறையத்தான் வேண்டும். சரி, சேமித்ததால் என்ன கிடைக்கும்? தலசீமியா போன்ற பரம்பரை நோய் பின்னால் வந்தால், அந்தக் குழந்தையின் சொந்த ரத்தத்திலும் அதே குறை இருக்கும். அதை வைத்து அந்தக் குழந்தையைக் குணப்படுத்த முடியாது. ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகத் தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறது. மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே ரத்த நோய் இருந்து, அதற்கு மாற்று சிகிச்சைக்காக மருத்துவரே கேட்டால் மட்டும் கதை வேறு. மற்றவர்களுக்கு என் பதில்: அந்தப் பணத்தைக் குழந்தையின் பெயரில் அஞ்சலகத்தில் போடுங்கள்.

தங்கை அந்தக் கையேட்டைத் திருப்பி உறையில் வைத்தாள். “அப்படியானால் ஒரு நிமிடம் காத்திருங்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?” என்று கேட்டாள். ஆமாம், சொல்லத்தான் வேண்டும். கையேடு அடித்துக் கொடுக்க அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் கிடையாது.

நெஞ்சோடு நெஞ்சு, குளியல், முதல் பால்

பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பில் போட்டு, மேலே துணியால் மூட வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் எடுக்கக் கூடாது. உடல் சூடு நிலைக்கிறது, சர்க்கரை அளவு தாழாமல் இருக்கிறது, குழந்தை தானாகவே மார்பைத் தேடிப் பிடிக்கிறது. எடை பார்ப்பது, அளவெடுப்பது, பாதத் தடம் பதிப்பது எல்லாம் காத்திருக்கட்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 அறுவைசிகிச்சை. தனியாரில் அதைவிட மிக அதிகம். ‘சிசேரியன் என்றால் முடியாது’ என்று பல இடங்களில் சொல்லிவிடுகிறார்கள். முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி போட்டுத் தாய் விழித்திருக்கும்போது, இருவரும் நலமாக இருந்தால், முடியும். தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே தாயின் தோளோரம் குழந்தையை வைக்கலாம். முடியாத நிலை என்றால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் அணைத்துக்கொள்ளட்டும்.

குளிப்பாட்டுவதை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். குழந்தையின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு போன்ற படலம் அழுக்கில்லை. அது தோலைக் காக்கிறது. நனைந்த குழந்தை சீக்கிரம் குளிர்ந்துபோகும். என் முதல் குழந்தை அன்று பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்ததற்கு அந்த உடனடிக் குளியல்தான் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது சேனை. எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுவைப்பது குடும்பத்தில் மதிக்கப்படும் ஒருவரின் உரிமை. அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. சில ஊர்களில் கழுதைப்பால் விற்பவர் மருத்துவமனை வாசலுக்கே வந்துவிடுகிறார். தங்கையின் மாமியார் இதைக் கேட்பது பாசத்தினால் என்று எனக்குத் தெரியும். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்க வல்லது. காய்ச்சாத கழுதைப்பாலில் என்ன கிருமி இருக்கும் என்று சொல்லவே முடியாது. சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பிச் சீம்பாலுக்கான பசியைக் கெடுக்கிறது. சீம்பால் வருவது சில கரண்டி அளவுதான். பிறந்த குழந்தையின் வயிறும் அவ்வளவுதான். ‘பால் ஊறவில்லை’ என்று முதல் நாளே முடிவு கட்டுவது இந்தக் கணக்கு தெரியாததால். தங்கையின் மாமியாருக்கு நான் சொன்ன மாற்று இது: தாய் பீச்சித் தரும் சீம்பாலில் ஒரு துளியைச் சுத்தமான கரண்டியில் எடுத்து அவரே குழந்தையின் நாவில் விடட்டும். உரிமையும் போகவில்லை, சேனையும் வைத்தாயிற்று. அவர் முதலில் முகம் சுளித்தார். இரண்டு நாள் கழித்து, கரண்டியை வெந்நீரில் எவ்வளவு நேரம் போட்டுவைக்க வேண்டும் என்று கேட்டார்.

புட்டிப்பாலுக்கு மருத்துவக் காரணம் உண்டு: சர்க்கரை அளவு தாழ்ந்துவிட்டது, எடை மிகவும் குறைந்துவிட்டது, தாய்க்கு உடல்நிலை மோசம். அந்தக் காரணத்தை மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘தாய் தூங்கட்டும் என்று கொடுத்தோம்’ என்பது காரணமாகாது. பால்மாவு விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடைசெய்து 1992இலேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது.

பரிசோதனைகள்: குதிகாலில் ஒரு துளி

விலைப்பட்டியலில் மூன்று விலைகள் இருந்தன. மூன்று நோய்களுக்கு ஒரு விலை, ஏழுக்கு ஒரு விலை, ஐம்பதுக்கு மேல் ஒரு விலை. எதை எடுப்பது?

இவற்றில் எதை விட்டாலும் தைராய்டை விடக் கூடாது. தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தைகள் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி இருக்கிறார்கள். கர்ப்பத்தில் தாயின் சுரப்பு காப்பாற்றுவதால் பிறக்கும்போது வித்தியாசம் தெரியாது. சத்தம் போடாத, நிறையத் தூங்கும் ‘சமத்துக் குழந்தை’யாகக்கூடத் தோன்றும். மலச்சிக்கலும் மந்தமும் நாக்குத் தடிப்பும் தெரிந்து மருத்துவரிடம் போகும்போது மூளை வளர்ச்சியில் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்துத் தினம் ஒரு சிறு மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். இவ்வளவு மலிவான மருத்துவம் இவ்வளவு பெரிய இழப்பைத் தடுப்பது அரிது. கேரளமும் கோவாவும் இந்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் நடத்திக் காட்டியிருக்கின்றன. ஒவ்வொரு தமிழ்க் குழந்தைக்கும் இது கேட்காமலே கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்று நோய்ப் பட்டியலின் மற்ற இரண்டில் ஒன்று, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைப் பற்றியது. இந்தக் குறை உள்ள ஆண் குழந்தைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டாவது வாரத்தில் வாந்தியும் நீர்வறட்சியும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று ஜி6பிடி என்ற நொதியின் குறை. அது இருக்கும் குழந்தைக்குப் பாச்சை உருண்டை வாடைகூட ஆகாது. ரத்த அணுக்கள் உடைந்து காமாலை ஏறும். பெட்டியில் நாப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்த பழைய புடவையை எடுத்துத் தொட்டில் கட்டும் வழக்கம் நம்முடையது. அதனால் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்தப் புடவையைத் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஐம்பது நோய்ப் பட்டியல் சில ஆயிரம் ரூபாய். எல்லாருக்கும் அது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மிக அரிய நோய்கள் அவை. தவறான அபாய மணி அடித்து, மறு பரிசோதனை வரும் வரை வீடே தூக்கமிழப்பதும் உண்டு. ஆனால் மாமன் மகனையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் என் பதில் மாறும். சொந்தத்தில் திருமணம் செய்வோர் தமிழ்நாட்டில் நான்கில் ஒருவருக்கு மேல். இந்த நோய்களில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேரும்போது வருபவை. குடும்பத்தில் காரணம் தெரியாமல் ஒரு கைக்குழந்தை இறந்திருந்தாலும் அப்படித்தான். அந்த வீடுகளுக்குப் பெரிய பட்டியல் பணத்துக்குத் தகும்.

எந்தப் பட்டியலானாலும் எடுக்கும் நேரம் முக்கியம். குதிகால் ரத்தத்தை 48 மணி நேரம் கழித்து எடுப்பதே நல்லது. முதல் நாளில் தைராய்டைத் தூண்டும் சுரப்பு இயல்பாகவே உயர்ந்திருக்கும்; அப்போது எடுத்தால் பொய்யான பயம் வரும். சுகப்பிரசவமாகி இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பினால், திரும்ப வந்து கொடுக்க வேண்டும், அல்லது தைராய்டை மட்டுமாவது பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிட வேண்டும். எந்த முறை என்று முன்பே கேட்டுவையுங்கள்.

காது கேட்கிறதா என்ற பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் நாள் காதில் நீர் இருந்தால் ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்று வரும். பயப்படாமல் மறுபடி போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்கிவிட்டால் குழந்தை பேச்சு கற்றுக்கொள்ளும். கேட்க உதவும் காக்ளியர் கருவியைக் காதுக்குள் பொருத்தும் அறுவைசிகிச்சைகூட முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. கைதட்டினால் திரும்புகிறது என்று பாட்டி சொல்வதை நம்பி இரண்டு வயது வரை காத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும். சொந்தத்தில் மணந்தவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

விரல் நுனியில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியைக் கொரோனா காலத்தில் எல்லாரும் பார்த்துவிட்டோம். அதே வகைக் கருவிதான் பிறவி இதயக் கோளாறையும் காட்டிக்கொடுக்கிறது. 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 95க்கு மேல் இருந்து, கைக்கும் காலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் நிம்மதி. கருவி பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கிறது. கேட்டால் வைத்துப் பார்ப்பார்கள்.

கண் களிம்பு பற்றி அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கேட்டதாகத் தங்கை சொன்னாள். அங்கே பல மாநிலங்களில் அது சட்டம். தாயின் பிறப்புப் பாதையில் கொனோரியா தொற்று இருந்தால் குழந்தையின் பார்வை போய்விடும் என்பதால் வந்த வழக்கம். பிரிட்டனில் வழக்கமாகப் போடுவதில்லை. நம் ஊரிலும் பெரும்பாலும் இல்லை. கர்ப்பத்தில் பரிசோதனைகள் முறையாக நடந்திருந்தால் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு மை, தொப்புளில் பவுடரோ மஞ்சளோ, வயிற்றைக் குழாய் விட்டுக் கழுவுவது, இவை எதுவும் வேண்டாம். தொப்புள் காய்ந்து தானாக விழட்டும்.

வீட்டுக்குப் புறப்படும் முன்

தங்கை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டி, முடியாது என்று அவர் சொல்வது எது, ஏன் என்று கேட்டு வரச் சொன்னேன். வலி வந்த பிறகு கேட்டால் அது வேண்டுகோளாகக்கூட யார் காதிலும் விழாது. எட்டாம் மாதத்தில், உட்கார்ந்து பேசினால், பெரும்பாலான மருத்துவர்கள் சம்மதிக்கிறார்கள். தாளில் ஒரு நகலைக் கணவரிடமும் கொடுத்திருக்கிறாள். பிரசவ அறையில் அவள் பேச முடியாத நேரத்தில் அவர் பேசியாக வேண்டும். ஊசியே வேண்டாம் என்றவர் இப்போது ஹெபடைட்டிஸ் ஊசிக்கு 24 மணி நேரக் கணக்கை அலைபேசியில் குறித்து வைத்திருக்கிறார்.

டிஸ்சார்ஜ் தாளில் வைட்டமின் கே போட்ட நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாய் சேய் நல அட்டையில் மூன்று தடுப்பு மருந்துகளுக்கும் தேதி இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டால், காமாலை பார்க்க மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் திரும்பப் போக வேண்டும். காலை வெயிலில் காட்டுவது அந்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது. பிறந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே உடல் மஞ்சளாகத் தெரிந்தால் வெயிலும் வேண்டாம், மூன்றாம் நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, குதிகால் ரத்தம் கொடுக்கும்போது எழுதும் தொலைபேசி எண். நம் வழக்கப்படி பிரசவம் அம்மா வீட்டில். படிவத்தில் எழுதுவது வெளியூரில் வேலை பார்க்கும் கணவரின் எண். பத்தாவது நாள் ஆய்வகத்திலிருந்து வரும் அழைப்பை, தெரியாத எண் என்று அவர் எடுக்காமல் விட்டால், அத்தனையும் வீண். தங்கை அம்மாவின் எண்ணையும் சேர்த்து இரண்டு எண்கள் எழுதப்போகிறாள். பத்து நாளில் யாரும் கூப்பிடாவிட்டால் அவளே கூப்பிட வேண்டும் என்று ஆய்வகத்தின் எண்ணைச் சமையலறை நாட்காட்டியில் இப்போதே எழுதி ஒட்டியிருக்கிறாள்.